ஒன்பதாவது படம்

உடை வரைபவர்கள் பெண்ணை வளர்த்திவிடுவார்கள். ஒருவருடைய உயரத்தை அவர் தலையின் நீளத்தைக் கொண்டு அளந்தால் ஏழு, ஏழரைத் தலை வரும். ஸ்கெட்சில் நிற்கும் பெண்ணுக்கு அது ஒன்பது. சிலர் கையில் பத்துகூட ஆகும். கூடுதலாகக் கிடைத்த அந்த ஒன்றரைத் தலை பெரும்பாலும் காலுக்குப் போய்விடும். இடுப்பு ஒரு பிடிக்குள் அடங்கும், கழுத்து நீளும், முகத்துக்கு நாலு கோடு போதும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் வரையப்பட்ட எண்ணற்ற படங்களில் இந்தப் பெண் நிற்கிறாள். அவளுக்குப் பெயர் கிடையாது, வயது கிடையாது, எடையும் கிடையாது.

அவளுக்குப் பெயரும் வயதும் இருந்த ஒரு சந்தர்ப்பத்தை எடுத்துக்கொள்கிறேன். 1952 அக்டோபரில், முடிசூட்டு விழாவுக்கு அணியப்போகும் உடையை வடிவமைத்துத் தருமாறு 26 வயது இரண்டாம் எலிசபெத் அரசி, லண்டன் உடைக் கலைஞர் நார்மன் ஹார்ட்னெல்லைக் கேட்டுக்கொண்டார். அவர் ஒன்பது வடிவங்கள் வரைந்தார். எட்டாவது படத்துக்கும் ஒன்பதாவது படத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடு பாவாடையில் வந்து சேர்ந்த சில பூக்களும் பயிர்களும்தான். ஆடை வரலாறு எழுதுபவர்கள் அதைத் தையல் வேலை என்று விரிவாக வர்ணித்துவிட்டு நகர்கிறார்கள். அரசியல் வரலாறு எழுதுபவர்கள் அலங்காரம் என்று தொடாமலே விடுகிறார்கள். இரண்டு தரப்பும் விட்டுவிட்ட இடத்தில், ஒரு சாம்ராஜ்யம் தன் பெயரை மாற்றிக்கொண்ட விதம் ஊசியும் நூலுமாகப் பதிந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் ஸ்கெட்ச் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டிவைத்தால் அது ஓவியம்போலத் தோன்றும். தொழிலில் அது ஒரு கடிதம். உடுத்தப்போகிறவருக்கு ‘நீங்கள் இப்படி இருப்பீர்கள்’ என்று ஆசை காட்டும். துணி வெட்டுபவருக்கு ‘தோளிலிருந்து இப்படி விழ வேண்டும்’ என்று சொல்லும். ஓரத்தில் துணியின் துண்டு ஒன்றைக் குண்டூசியால் குத்திவைப்பதும் உண்டு. பாரிஸில் கிறிஸ்தியான் தியோர் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் ஊருக்கு வெளியே ஒதுங்கிச் சின்னச் சின்னப் படங்களாக நூற்றுக்கணக்கில் கிறுக்கித் தள்ளுவார். அந்தக் காகிதங்கள் மார்கெரித் கார்ரே என்ற அம்மையாரிடம் போகும். அவர் தையல் கூடங்களின் தலைவிகளைக் கூட்டிப் பங்கிடுவார். காகிதத்தில் இருப்பது முதலில் வெள்ளைப் பருத்தித் துணியில் மாதிரியாக எழுந்து நிற்கும். அதற்குப் பிறகுதான் பட்டு. எல்லோரும் வரைந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. மதலேன் வியோனே படம் வரைவதில்லை. சிறிய மரப்பொம்மையின்மேல் துணியைப் போர்த்தி, குண்டூசி குத்தி, அதிலேயே யோசித்தார். பொம்மைக்கு ஒன்பது தலை உயரம் கொடுத்து ஏமாற்ற முடியாது என்பதாலோ என்னவோ, அவர் உடைகளில் உடம்பு உடம்பாகவே இருந்தது.

கடிதம் என்றால் இடையில் யாராவது பிரித்துப் படிப்பதும் நடக்கும். பாரிஸ் உடைக் காட்சிகளில் பார்வையாளர்கள் பென்சிலை எடுத்து வரையக் கூடாது. எலிசபெத் ஹாஸ் என்ற அமெரிக்கப் பெண் 1920களில் அங்கே இருந்து, பார்த்ததை மனத்தில் வாங்கிக்கொண்டு வெளியே வந்து வரைந்து நியூயார்க்கின் ஆயத்த ஆடை முதலாளிகளுக்கு அனுப்பும் வேலையைச் செய்தார். பிறகு அதை 1938இல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதினார். சட்டம் இதில் விசித்திரமாக நடந்துகொண்டது. உடையின் படத்துக்குக் காப்புரிமை உண்டு, படத்தைப் பார்த்துத் தைத்த உடைக்கு அந்த உரிமை நீளாது என்று 1934இல் நியூயார்க்கில் ஒரு தீர்ப்பு வந்தது. காகிதத்தை நகல் எடுத்தால் குற்றம், துணியை நகல் எடுத்தால் வியாபாரம்.

ஹார்ட்னெல்லுக்கு இந்த வலி தொடக்கத்திலேயே தெரியும். இளைஞனாக அவர் கொஞ்ச காலம் வேலை பார்த்த இடங்களில் ஒன்று, அந்நாளில் புகழ்பெற்ற ‘லூசில்’ நிறுவனம். அதை நடத்திய டஃப் கார்டன் சீமாட்டி ஒரு லண்டன் நாளிதழில் வாரந்தோறும் உடை பற்றி எழுதிவந்தார். அந்தப் பத்தியில் ஹார்ட்னெல்லின் படங்கள் அவர் பெயரில்லாமல் அச்சாகின. இளைஞர் வழக்குப் போட்டார். ஒரு கோடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியோடு தொழிலுக்குள் வந்தவர் அவர்.

1901இல் பிறந்தவர். லண்டனின் தெற்கே ஸ்ட்ரீதம் பகுதியில் பெற்றோர் ஒரு மதுக்கடை நடத்தினார்கள். கடையின் பெயர் ‘மகுடமும் செங்கோலும்’. கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள். கேம்பிரிட்ஜில் படிக்கப் போய், மாணவர் நாடகங்களுக்கு உடை வரைந்ததில் காலம் கழிந்து, பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். 1923இல் அப்பா, சகோதரி உதவியோடு மேஃபேர் பகுதியின் புரூட்டன் தெருவில் கடை திறந்தார். மணிகளும் ஜரிகையும் ஜமிக்கியும் கோத்த உடைகள்தாம் அவருடைய கைவரிசை. எளிமைதான் அழகு என்று பலரும் பேசத் தொடங்கிய காலத்தில், இன்னும் கொஞ்சம் மின்னட்டுமே என்று நினைத்த மனிதர்.

அரண்மனை அவரை நம்பத் தொடங்கியது ஒரு சாவினால். 1938இல் அன்றைய அரசி, இரண்டாம் எலிசபெத்தின் தாய், பாரிஸுக்கு அரசுமுறைப் பயணம் போக இருந்தார். உடைகள் எல்லாம் தயார். புறப்படச் சில நாள்களே இருக்கையில் அரசியின் தாயார் இறந்துபோனார். வண்ண உடைகள் அத்தனையும் வீண். கறுப்பில் போனால் பயணமே இழவு வீடாகும். வெள்ளையும் அரச துக்கத்தின் நிறம்தான் என்பதை ஹார்ட்னெல் எடுத்துச் சொல்லி, தள்ளிவைக்கப்பட்ட பயணத்துக்குள் மொத்த வரிசையையும் வெள்ளையில் மறுபடி செய்து கொடுத்தார். வெள்ளை துக்கத்தின் நிறம் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாரிஸுக்கு அது புதுமையாக இருந்தது, கொண்டாடினார்கள்.

பிறகு போர். 1941 ஜூனிலிருந்து 1949 மார்ச் வரை பிரிட்டனில் துணிக்கு ரேஷன். பித்தான் இத்தனை, மடிப்பு இத்தனை, பூத்தையல் கூடவே கூடாது என்று அரசாங்கம் கணக்குப் போட்டது. மணி கோப்பதற்கென்றே பிறந்தவர் போலிருந்த ஹார்ட்னெல்லும் அந்தச் சிக்கன உடைகளுக்கு வடிவம் வரைந்தார். 1947 நவம்பரில் நடக்கவிருந்த இளவரசி எலிசபெத்தின் கல்யாணத்துக்கான புடவைக்கு — அவர்கள் கவுன் என்பார்கள் — அவரையே கேட்டபோது, நாட்டில் இன்னும் கூப்பன்தான். பட்டு எந்த நாட்டுப் புழுவினுடையது என்றுகூட விசாரணை எழுந்தது. பகை நாடுகளாக இருந்த ஜப்பானின் புழுவா, இத்தாலியின் புழுவா? சீனப் புழு என்று தெரிந்த பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அந்தக் கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில், காந்தி தன் கையால் நூற்ற நூலில் செய்த ஒரு சிறு பின்னல் துணியும் உண்டு. நடுவில் ‘ஜெய் ஹிந்த்’. மணப்பெண்ணின் பாட்டி மேரி அரசி அதை இடுப்புத் துணி என்று நினைத்து முகம் சுளித்தார் என்றொரு கதை சொல்வார்கள். மேரி அரசியின் உடை ஒன்றுக்குப் பிறகு வருகிறேன்.

இனி அந்த ஒன்பது படங்கள். அரசி கேட்டது: உடையின் போக்கு கல்யாண உடையைப் போல இருக்கட்டும், துணி வெள்ளை சாட்டின். மற்றபடி வரைபவரின் பாடு. ஹார்ட்னெல் நூலகங்களுக்கும் அருங்காட்சியகத்துக்கும் போய்ப் பழைய அரசிகள் என்ன உடுத்தினார்கள் என்று புரட்டினார். ஒரு சங்கடம் உடனே புலப்பட்டிருக்கும். முடிசூட்டு விழாவில் உடை தனியாகத் தெரியும் நேரம் கொஞ்சம்தான். வரும்போது மேலே செந்நிற அங்கி. எண்ணெய் பூசும் சடங்கின்போது எல்லாம் மறைய, எளிய வெள்ளை மேலாடை. அதற்குப் பிறகு தங்க உடைகள். திரும்பும்போது ஊதா நிற அங்கி. ஆளைவிடச் சடங்கு பெரிது, உடையைவிட அங்கி பெரிது. முன்பக்கத்தில் அங்கி விலகும் இடத்தில்தான் உடை பேச முடியும்.

பிறகு தன் நினைவுக்குறிப்பில் அவரே ஒவ்வொரு வடிவத்தையும் விவரித்திருக்கிறார். முதலாவது மிக எளியது. வெள்ளை சாட்டின், ஓரத்தில் மட்டும் கிரேக்கக் கோலம். விக்டோரியா அரசி உடுத்தியதன் சாயல். இரண்டாவது உடலை ஒட்டிய நவீன வடிவம், தங்கப் பூத்தையல், எர்மின் தோல் கரை. மூன்றாவது வெள்ளி லேஸும் படிகமும் போர்த்திய குடைப் பாவாடை. நான்காவதில் லில்லி மலர்கள், தொங்கும் முத்துகள். ஐந்தாவதில் நிறம் உள்ளே வருகிறது: ஊதாப் பூ, சிவப்பு ரோஜா, கோதுமைக் கதிர். ஆறாவது ஓக் இலைகளும் வெள்ளிக் காய்களும். ஏழாவதில் இங்கிலாந்தின் டியூடர் ரோஜா, தங்கத் துணியில் உப்பலாக. எட்டாவதில் ரோஜாவோடு ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் சின்னங்களும் சேர்ந்தன.

வரிசையாகப் பார்த்தால் ஒரு மனம் நகர்வது தெரிகிறது. முதல் நான்கில் அழகுதான் பொருள். எந்தச் செல்வச் சீமாட்டியும் உடுத்தலாம். ஐந்திலிருந்து செடிகள் அர்த்தத்தைத் தேடத் தொடங்குகின்றன. ஏழில் ஒரு தேசம் பிடிபடுகிறது, எட்டில் நான்கு. என் ரசனைக்கு முதலாவதுதான் பிடிக்கும் என்று சொல்லிவைக்கிறேன். அந்த வெற்றுச் சாட்டினில் ஒரு துணிச்சல் இருந்திருக்கும். ஆனால் ஒன்றுமே எழுதாத பாவாடையோடு அந்த மேடைக்குப் போகிற காலம் அதுவல்ல. அரசிக்கு எட்டாவது பிடித்தது. வெறும் வெள்ளையும் வெள்ளியுமாக இருந்தால் கல்யாண உடை போலவே ஆகிவிடும், பூக்களுக்கு நிறம் வேண்டும் என்றார். கூடவே இன்னொன்றும் கேட்டார்: நான்கு நாடுகள் மட்டும் போதுமா? காமன்வெல்த் நாடுகளின் சின்னங்களும் வரட்டும்.

அதற்கு முன்னால் லீக். இந்தக் கதையை விட்டுவிட்டு மேலே போக மனம் வரவில்லை. வேல்ஸ் நாட்டுக்கு டஃபோடில் என்ற மஞ்சள் பூவைத்தான் ஹார்ட்னெல் மனத்தில் வைத்திருந்தார். சின்னங்களின் முறைமையைச் சொல்லும் அதிகாரம் கொண்ட ‘கார்ட்டர்’ பதவியாளரிடம் கேட்டபோது, இல்லை, வேல்ஸின் சின்னம் லீக் என்று பதில் வந்தது. லீக் வெங்காயத்தின் உறவுக்காரச் செடி. தடித்த வெள்ளைத் தண்டும் பட்டையான இலையுமாக, சூப்பில் வெட்டிப் போடும் சமாச்சாரம். முடிசூட்டு உடையில் கறிகாயா என்று ஹார்ட்னெல் கெஞ்சிப் பார்த்தார்; பலிக்கவில்லை. விண்ட்ஸரில் தோட்டத்துக்குப் போய் ஒரு லீக்கைப் பிடுங்கி வந்து உட்கார்ந்து பார்த்தார். அப்போது வேல்ஸ் காவற்படையின் தொப்பிச் சின்னத்தில் லீக் அழகாகத்தான் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. வெள்ளைப் பட்டு, வைரம், வெளிர்பச்சை இலைகள் என்று லீக்கும் ஏறியது. முறைமைக்கும் கண்ணுக்கும் நடந்த சண்டையில் முறைமை வென்று, கண் அதைச் சமாளித்த கதை இது. ஒன்பதாவது படம் முழுக்க இப்படிப்பட்ட சமாளிப்புதான்.

அந்தப் படத்தில் வந்து சேர்ந்தவை: கனடாவுக்கு மேப்பிள் இலை. ஆஸ்திரேலியாவுக்கு வாட்டில், நீலகிரியில் சீகை மரம் என்கிறோமே, அதன் மஞ்சள் பூத்த உறவு. நியூஸிலாந்துக்குப் பெரணி. தென்னாப்பிரிக்காவுக்குப் புரோட்டியா. பாகிஸ்தானுக்குக் கோதுமை, பருத்தி, சணல். இந்தியாவுக்குத் தாமரை. இலங்கைக்கும் தாமரை.

உடையில் நாட்டுப் பூக்களைத் தைப்பது புதிதல்ல. 1902இல் அலெக்ஸாண்ட்ரா அரசியின் முடிசூட்டு உடைக்கான துணி, வைஸ்ராய் கர்சனின் மனைவி ஏற்பாட்டில் இந்தியக் கைவினைஞர்களாலேயே தங்க வேலை செய்யப்பட்டு லண்டனுக்குப் போனது. 1911இல் மேரி அரசியின் உடையில் ரோஜா, முட்பூ, மூவிலைச் செடிகளோடு இந்தியாவின் தாமரையும் இருந்தது. எனவே 1953இல் தாமரை வந்ததில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். பூ அதேதான். பூவுக்கும் உடுத்தியவருக்கும் உள்ள உறவு மாறியிருந்தது. 1911இல் உடுத்தியவர் இந்தியச் சக்கரவர்த்தியின் மனைவி. பாவாடையில் இருந்த தாமரை ஒரு சொத்துப் பட்டியலின் வரி. 1953இல் இந்தியா குடியரசாகி மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. எலிசபெத் இந்தியாவுக்கு அரசி அல்ல. 1949 ஏப்ரலில் லண்டனில் கண்டுபிடித்த ஒரு வாசகத்தின்படி, காமன்வெல்த்தின் தலைவர்; சுதந்திர நாடுகள் விரும்பிச் சேர்ந்ததன் அடையாளம், அவ்வளவே. நேரு விழாவுக்கு வந்து உட்கார்ந்திருந்தது ஒரு குடியரசின் பிரதமராக. மேரி அரசி அந்த விழாவைப் பார்க்கவில்லை. 1953 மார்ச்சில் காலமாகிவிட்டார்.

சட்ட வல்லுநர்கள் பல மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட அந்த வாசகத்தை ஒரு ஸ்கெட்ச் எப்படிச் சொல்லும்? குடியரசின் பூவைத் தனி வரியிலா வைப்பது, சின்னதாகவா வைப்பது? ஹார்ட்னெல் மற்ற நாடுகளின் பூக்களோடு அதையும் சேர்த்து வைத்தார். சிப்பியின் வெண்மையில் இதழ்கள், பொடி முத்து, வைரம். படம் பார்க்கிறவருக்கு யார் குடிமக்கள், யார் விருந்தாளி என்ற வித்தியாசமே தெரியாது. அந்த மங்கல்தான் 1949 வாசகத்தின் சாமர்த்தியமும்கூட.

இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் சங்கடங்கள் கூடுகின்றன. மூவிலைச் செடி அயர்லாந்தின் சின்னம். அயர்லாந்தின் பெரும்பகுதி 1949இலேயே குடியரசாகிக் காமன்வெல்த்தைவிட்டு வெளியேறிவிட்டது. உடையில் நின்றது வட அயர்லாந்துக்காக மட்டும். கென்யாவுக்குப் பூவே இல்லை. 1952 பிப்ரவரியில் தந்தை இறந்து எலிசபெத் அரசியானபோது அவர் இருந்த நாடு கென்யா. உடைக்குச் சொல்லியனுப்பிய அதே அக்டோபரில் அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மலாயாவுக்கும் இல்லை, மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இல்லை. தன்னைத் தானே ஆளும் நாடுகளுக்கு மட்டும் பூ என்பது விதி. ஆளப்படுகிறவர்கள் வெற்றுச் சாட்டின்.

இருந்தவையும் நிலைக்கவில்லை. புரோட்டியாவின் நாடு 1961இல் காமன்வெல்த்தைவிட்டு விலகியது. சணல் விளைந்த கிழக்கு வங்காளம் 1971இல் வேறு நாடானது. ஒரு வரைபடம் பழசாவதைப்போல ஓர் உடை பழசாகும் என்று ஹார்ட்னெல் நினைத்திருக்க மாட்டார்.

காகிதத்திலிருந்து துணிக்கு வருவோம். சின்னங்களைத் தனித்தனி மாதிரியாகத் தைத்து அரசியிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் வேலை ஆரம்பமானது. பூத்தையல் கூடங்களின் பொதுவான முறை நம்மூருக்கும் தெரிந்ததுதான்: மெல்லிய தாளில் வடிவத்தை வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் துளையிட்டு, துணிமேல் விரித்துப் பொடி தடவினால் புள்ளிகள் இறங்கும். கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்யும் கடையில் இன்றும் அதே துளைத் தாளைப் பார்க்கலாம். அந்தப் புள்ளிகளின்மேல் இங்கே பொன் குழல்மணியும் வைரமும் முத்தும். பாவாடை, வளைவு வளைவான மூன்று அடுக்குகள்; மேலிருந்து கீழே வரவர அகலும். பூக்கள் அவற்றுக்குள் அமர்ந்தன. பட்டு, கென்ட் மாவட்டத்தின் லலிங்ஸ்டோன் பட்டுப்பண்ணையினுடையது.

படத்தில் இல்லாத கனம் இப்போது வந்து சேர்ந்தது. இத்தனை உலோகமும் கண்ணாடியும் மணியும் தொங்கினால் சாட்டின் துவண்டு சரியும். எனவே உள்ளே டஃபேட்டா பட்டு. அதைத் தாங்கக் குதிரைமுடி நெய்த விறைப்புத் துணி மூன்று அடுக்கு. ஸ்கெட்சில் காற்றுப்போல விரிந்து நிற்கும் அந்தப் பாவாடைக்குள் இப்படி ஒரு கட்டடம் ஒளிந்திருக்கிறது. ஊதா அங்கிக்கு மட்டும் அரச பூத்தையல் பள்ளியைச் சேர்ந்த 12 பெண்கள் 1953 மார்ச் 2 முதல் மே 22 வரை மொத்தம் 3,500 மணி நேரம் தைத்தார்கள். 18 வகைப் பொன்னிழை. படத்தின் மூலையில் கையெழுத்திட இடம் உண்டு. துணியில் கையெழுத்திட இடமில்லை.

ஒரு இடம் விதிவிலக்கு. அரசியின் இடது கை படியும் இடத்தில், அவருக்குத் தெரியாமல், ஒரு நான்கிலைச் செடியைத் தைத்துவைத்தார்கள். மூவிலைக் கூட்டத்தில் நாலு இலை கண்டால் அதிர்ஷ்டம் என்பது அவர்கள் நம்பிக்கை. எந்த நாட்டையும் குறிக்காத ஒரே செடி அது. அந்த உடையில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே.

1953 ஜூன் 2. பிரிட்டனில் மட்டும் 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் தொலைக்காட்சியில் விழாவைப் பார்த்தார்கள். தொலைக்காட்சி கறுப்பு வெள்ளை. நிறம் வேண்டும் என்று கேட்டு வாங்கிய வாட்டிலின் மஞ்சளும் புரோட்டியாவின் இளஞ்சிவப்பும் முட்பூவின் ஊதாவும் சாம்பல் புள்ளிகளாக வீடுகளுக்குள் வந்தன. வண்ணத்தில் பார்க்க விரும்பியவர்கள் திரையரங்குக்குப் போய், லாரன்ஸ் ஒலிவியே விவரிக்கும் ஆவணப்படத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கவனித்துப் பார்த்தால், ஒன்பதாவது வடிவம் சொல்லவந்த செய்தி முழுமையாகப் போய்ச் சேர்ந்தது உடையைவிடப் படத்தின் மூலமும், பத்திரிகைகள் அச்சிட்ட பூக்களின் பட்டியலின் மூலமும்தான். எந்தப் பூ எந்த நாடு என்று யாராவது சொல்லாவிட்டால் கண்ணுக்கு அது வெறும் மினுமினுப்பு.

இலங்கைத் தாமரையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீரில் பூப்பவற்றைத் தாமரை, அல்லி, குவளை, நெய்தல் என்று பிரித்தறியும் மொழியில் இருந்துகொண்டு பார்க்கும்போது, அடுத்தடுத்த இரண்டு நாடுகளுக்கும் ஒரே தாமரை என்பது கொஞ்சம் உறுத்துகிறது. ஹார்ட்னெல் இரண்டையும் பொருளால் பிரித்தார்: இந்தியாவுக்குப் பொடி முத்து, இலங்கைக்கு ஓப்பல் கல்லும் மென்பச்சைப் பட்டும். இலங்கையின் தேசிய மலராக நீல அல்லி அறிவிக்கப்பட்டது வெகுகாலம் கழித்து, 1986இல்.

பாகிஸ்தான் பூவுக்குப் பதிலாகப் பயிர்களையே அனுப்பியிருக்கிறது: உண்பது, உடுப்பது, ஏற்றுமதி செய்வது. அதே கணக்கில் பார்த்தால் இலங்கைக்குத் தேயிலைதான் வந்திருக்க வேண்டும். அந்நாட்டின் அந்நியச் செலாவணி அதில்தான் நின்றது. ஆனால் தேயிலையைத் தைத்தால் அதைப் பறிக்கும் கைகளும் நினைவுக்கு வரும். அந்தக் கைகளுக்கு உரிய மலையகத் தமிழர்களில் பெரும்பாலானவர்களை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியிருந்தது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. சின்னத்தைத் தேர்ந்தவர்கள் இதையெல்லாம் யோசித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. தாமரை எளிதாகக் கிடைத்தது, அழகானது, விகாரைகளின் பூ. யோசிக்கத் தேவையில்லாமல் போனதைத்தான் சொல்கிறேன்.

விழாவில் இலங்கைப் பிரதமராக உட்கார்ந்திருந்தவர் டட்லி சேனாநாயக்க. இரண்டே மாதத்தில், அரிசி விலையை ஏற்றியதற்கு எதிராக 1953 ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால். அக்டோபரில் அவர் பதவி விலகினார். அடுத்து வந்தவர் ஜோன் கொத்தலாவல. 1954 ஜனவரியில் அவரும் நேருவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்திய வம்சாவளியினரில் யார் எந்த நாட்டுக்காரர் என்பதைத் தீர்ப்பதற்கான ஒப்பந்தம். ஆனால் அது எதையும் தீர்க்கவில்லை. முத்துத் தாமரைக்கும் ஓப்பல் தாமரைக்கும் நடுவே லட்சக்கணக்கானவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, 1954 ஏப்ரலில், அந்த உடை கொழும்புக்கே வந்தது. காமன்வெல்த் சுற்றுப்பயணத்தில் நியூஸிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நாடாளுமன்றத்தைத் திறந்துவைக்க உடுத்திய முடிசூட்டு உடையை, இலங்கை நாடாளுமன்றத்தைத் திறக்கவும் எலிசபெத் அணிந்தார். இங்கே அவர் அரசி. முந்திய ஆண்டு புதிதாக எழுதப்பட்ட பட்டத்தின்படி, இலங்கையின் அரசி. ஏப்ரல், கொழும்பில் காற்று நின்றுபோகும் மாதம். லண்டனில் உட்கார்ந்து வரைந்தபோது எந்த வெயிலும் படத்தில் இல்லை. இப்போது சாட்டின், அதற்குள் டஃபேட்டா, அதற்குள் மூன்று அடுக்குக் குதிரைமுடி, மேலே முழுக்கக் கண்ணாடியும் உலோகமும், அவை எல்லாவற்றுக்கும் உள்ளே ஐந்தடி நான்கு அங்குல உயரத்தில், ஏழரைத் தலை அளவில், ஒரு பெண்.

தேயிலைக்கும் பூ உண்டு. வெள்ளை இதழ்கள், நடுவே மஞ்சளாகத் திரண்ட மகரந்தம். வெள்ளை சாட்டினில் பொன்மணி வைத்துத் தைத்தால் ஹார்ட்னெல்லின் கைக்கு ஒரு காலை வேலை. ஆனால் கொழுந்து பறிக்கும் தோட்டங்களில் செடியைக் கவாத்து வெட்டி, கிள்ளிக் கிள்ளி, அது பூப்பதற்குப் பெரும்பாலும் விடுவதில்லை.